இலையைக் கட்டிப் பூவை எறிந்தவர்

1

சென்ற கிழமை எங்கள் ஊர் குப்பிழானிலிருந்து என் ஒன்றுவிட்ட அக்கா தொலைபேசியில் அழைத்தார். சுகம் விசாரித்தார். மழை வந்ததைச் சொன்னார், முழங்கால் வலியைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏன் பிள்ளை, உன்ரை கொண்ணர் லண்டனிலை கஞ்சாத் தோட்டம் வைச்சுப் பிடிபட்டவராமே, மெய்யோ?"

பக்கத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கஞ்சா என்ற சொல்லை மெல்லத்தான் சொல்வார்கள் எங்கள் ஆட்கள். லண்டன் என்ற சொல்லை மட்டும் அடுத்த வளவுக்கும் கேட்கச் சொல்வார்கள்.

"ஆர் அக்கா சொன்னது?"

"ஆரெண்டு சொல்ல? ஊரிலை எல்லாரும்தான் கதைக்கினம்."

எல்லாரும் கதைக்கிறார்கள் என்றால் நானும் கதைக்கலாம் என்று முடிவெடுத்தேன். இந்தக் கதை இப்படியே வாய்க்கு வாய் மாறினால், வருகிற திருவிழாவுக்குள் அண்ணைக்கு நாலு வீடும் ஒரு பென்ஸ் காரும் வந்துவிடும். லண்டன் நோர்பரியில் ஒரு வீட்டின் கதவைப் பொலிஸ் உடைத்து உள்ளே போய் இந்த மாதத்தோடு இரண்டு வருடம். உள்ளே நின்றவர் என் அண்ணை. என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். வாசித்துவிட்டுச் சத்தமாகவே கதையுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவள். மனோர் பார்க்கில் வீடு. கணவர் பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டுக் கிடைக்கிற நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். மகள் அபிரா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளும் இந்தக் கதையில் வருகிறாள்.

2

அண்ணை என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கலியாணம் செய்யவில்லை. ஊரைவிட்டு வந்ததும் காலம் கடந்துதான். இத்தாலியில் கொஞ்சக் காலம் கிடந்து, பிறகு இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டார். ஒருமுறை மறுத்தார்கள். திரும்பப் போட்டோம். வேலை செய்ய அனுமதி இல்லை. எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார்.

சும்மா இருக்கிற மனிதர் அல்ல. பின்வளவில் பாய் விரிக்கிற அளவு நிலம்தான் எங்களுக்கு. அதில் இருந்த தக்காளியையும் ரோசாவையும் விடவில்லை. கையில் எந்தச் செடி அகப்பட்டாலும் குனிந்து அடி இலையைக் கழிப்பார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக் கொடியையும் ஒருநாள் துப்புரவாக்கிவிட்டார். அந்த வீட்டுக் கிழவருக்கு நான் கேக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

அப்டன் பார்க்கில் ஒரு கடைக்கு மரக்கறி இறக்கக் கூப்பிடுவார்கள், போய்வருவார். அங்கே வான் கொண்டுவருகிற ஒருவனோடு பழக்கம் ஏற்பட்டது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"பிள்ளை, நோர்பரிப் பக்கம் ஒரு வேலை வந்திருக்கு. தங்க இடமும் தருவினம்."

"இஞ்சை என்ன குறை உங்களுக்கு?"

"குறையொண்டும் இல்லை. இவ்வளவு காலம் இருந்தாச்சுத்தானே."

அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. அவர் போன பிறகு கணவரிடம் கேட்டேன், மகளிடம் கேட்டேன், யாராவது ஏதாவது சொன்னீர்களா என்று. இல்லை என்றார்கள். நானும் எதுவும் சொன்னதாக நினைவில்லை. அப்படியானால் சொந்தத் தங்கை வீட்டில் ஏன் ஒரு மனிதன் விருந்தாளிபோல நாட்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்? அது என்னை மிகவும் நோகடித்தது. இரண்டு நாளில் அவருடைய கைத்தொலைபேசியும் ஓய்ந்துவிட்டது. எங்களைத் தவிர்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்த வேலை என்னவென்று பிறகுதான் தெரிந்தது. "வீட்டுக்குள்ளை மூலிகைத் தோட்டம். லைட் போட்டு வளர்க்கிறது. லைசென்ஸ் எல்லாம் இருக்கு. தண்ணி விட்டாக் காணும்" என்றானாம் வான்காரன். வேறு ஒரு விளக்கமும் சொல்லவில்லை. இரண்டாம் நாளே திருத்தித் தருகிறேன் என்று போனை வாங்கிக்கொண்டு போனான். போகும்போது கதவை வெளியால் பூட்டினான். பிறகு எப்போதாவது வந்து அரிசியும் ரின் மீனும் வைத்துவிட்டுத் திரும்பப் பூட்டிக்கொண்டு போவான். சத்தம் போட்டால் பொலிஸ் வரும், வந்தால் உன்னைத்தான் பிளேனில் ஏற்றும் என்று சொல்லி வைத்திருந்தான். அண்ணை நம்பினார். விசா இல்லாதவனுக்கு அதைவிடப் பெரிய பூட்டு வேண்டியதில்லை.

3

மணம் தாங்க முடியாமல் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் பொலிஸ் வந்தது. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனவர்களைப் பார்த்து அண்ணை கும்பிட்டுவிட்டு, "தாங்க்யூ, தாங்க்யூ" என்றாராம். அது பொலிஸ்காரரின் நெஞ்சிலிருந்த கமராவில் பதிவாகியிருக்கிறது. நக்கல் அடிக்கிறான் என்று நினைத்து விலங்கைக் கொஞ்சம் இறுக்கித்தான் போட்டார்கள்.

ஓடிவிடுவார் என்று பிணை கொடுக்கவில்லை, சிறையில் வைத்தார்கள். நான் பார்க்கப் போன முதல் நாள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதிந்த பெயர் ஒருவிதம், என் ஜேர்மன் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரை முன்னால் போட்டு இன்னொரு விதம். எந்த நாட்டுக்குப் போனாலும் என் அப்பாவின் பெயர் எனக்கு முன்னால் போய்க் கவுன்ரரில் நின்றுகொள்கிறது. திரும்பப் பதிந்து, திரும்பப் போனேன்.

எங்களுக்கு வந்த சொலிசிட்டர் நைஜீரியப் பின்னணிகொண்ட இளம்பெண். நல்ல பிள்ளை, கண்ணைப் பார்த்துக் கதைப்பவர். அவர் விளக்கியது இதுதான். அண்ணையைப் பூட்டிவைத்து வேலை வாங்கியிருந்தால் அவர் பாதிக்கப்பட்டவர், வழக்கிலிருந்து வெளியே வர வழி உண்டு. ஆனால் எதிர்த்தரப்பு அதை நம்பவில்லை. பின் ஜன்னலால் போயிருக்கலாமே என்கிறார்கள். அதைவிட முக்கியமாக, அந்தச் செடிகளைப் பார்த்த பொலிஸ் நிபுணர், இது தண்ணீர் ஊற்ற மட்டும் வந்தவனின் வேலை அல்ல என்று எழுதியிருக்கிறார். அடி இலைகள் எல்லாம் சுத்தமாகக் கழிக்கப்பட்டிருக்கின்றன. கஞ்சா வளர்ப்பில் தேர்ந்தவர்கள்தான் இலையைக் கழிப்பார்களாம். ஆகவே அண்ணை தோட்டத்தின் பங்காளி, தொழில் தெரிந்த ஆள்.

"குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும்" என்றார் சொலிசிட்டர். தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள் என்பதையும் சொன்னார்.

அண்ணை ஒப்புக்கொள்ளத்தான் நின்றார். கணவருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. "ஓம் எண்டு சொல்லி முடிக்கட்டும். இழுபட இழுபட ஆக்கள் எல்லாம் அறியப்போகினம்" என்றார்.

"அறியட்டும்" என்றேன். "செய்யாததுக்கு ஓம் எண்டு சொல்ல நான் விடமாட்டன்."

சொன்னேனே தவிர, எப்படி விடாமல் இருப்பது என்று அப்போது எனக்கே தெரியாது.

4

படங்களைக் காட்ட வேண்டும் வாருங்கள் என்று சொலிசிட்டர் கூப்பிட்டபோது அபிராவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவசரப்பட்டால் என் ஆங்கிலத்துக்குள் ஜேர்மன் நுழைந்துவிடும். கணினியில் ஒவ்வொன்றாகக் காட்டினார். கறுப்புப் பொலித்தீன் ஒட்டிய ஜன்னல்கள், விளக்குகள், சாடிகளில் நெஞ்சளவு செடிகள். பிறகு குளியலறை. ஷவர் திரை தொங்குகிற கம்பியில் இலைக் கட்டுகள் வரிசையாகத் தொங்கின.

"இது என்னவென்று பொலிஸுக்கும் விளங்கவில்லை. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாமல் என்ன? ஒரே அளவான இலைகளாகப் பார்த்துச் சேர்த்து, காம்புப் பக்கம் மேலே வர, கைப்பிடி கைப்பிடியாகக் கட்டியிருந்தது. கட்டுவதற்குப் படுக்கை விரிப்பைக் கிழித்திருக்கிறார். முடிச்சைப் பார்த்ததும் அது அண்ணையின் கை என்று சத்தியம் பண்ணியிருப்பேன்.

ஊரில் எங்கள் வீட்டில் புகையிலைதான் பயிர் செய்தோம். அதைப் பற்றி இனிமையாக எழுத என்னிடம் எதுவும் இல்லை. இலையின் பிசின் விரலில் ஒட்டிக் கறுக்கும். எத்தனை தரம் கழுவினாலும் போகாது, சோற்றைக் குழைத்தால் சோறும் கசக்கும். அந்தக் கையோடு பள்ளிக்கூடம் போக எனக்கு வெட்கமாக இருக்கும். புகையிலையில் இலைதான் காசு. செடியைப் பூக்க விட்டால் இலை மெலிந்து ஒன்றுக்கும் உதவாது. அதனால் மொட்டுத் தெரிந்ததும் நுனியை முறித்து எறிந்துவிட வேண்டும். பக்கத்தில் வருகிற குருத்தையும் கிள்ள வேண்டும். அடியில் பழுத்த இலையைக் கழிக்க வேண்டும். ஒரு பூவைத் தவறவிட்டால்கூட அப்பா நாள் முழுவதும் கதைக்க மாட்டார். அண்ணை தவறவிட்டதே இல்லை.

நான் திரும்பவும் செடிகளின் படத்தைக் காட்டச் சொன்னேன். நுனிகள் எல்லாம் மொட்டையாக இருந்தன.

"புளூமே? வோ இஸ்ட் டி புளூமே?" என்று கேட்டேன். அபிரா என் கையைத் தட்டி, "அம்மா, இங்கிலீஷ்" என்றாள். பூ எங்கே என்று அவளே கேட்டாள்.

சொலிசிட்டர் சமையலறைப் படம் ஒன்றைத் தேடி எடுத்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டிய கறுப்புப் பைகள். "இதில் ஏதோ அழுகிக் கிடந்ததாம். குப்பை என்று பதிந்திருக்கிறார்கள்" என்றார்.

நான் சிரிக்கத் தொடங்கினேன். அடக்க முடியவில்லை. பிறகு அழுதேன், அதையும் அடக்க முடியவில்லை. சொலிசிட்டர் ரிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு அபிராவைப் பார்த்தார். அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

5

எலிசபெத் லைன் ரயிலில் திரும்பி வரும்போது அபிராவுக்குப் புகையிலை பற்றிச் சொன்னேன். அவள் ஒரு வருடமாக என்னோடு ஒற்றைச் சொல்லில் கதைக்கிற பிள்ளை. ஓகே, ஃபைன், லேட்டர். காதிலே எப்போதும் ஏதோ செருகியிருக்கும். அன்று அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, போனில் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினாள்.

"அம்மா, இது பெரிய டிபேட். கஞ்சாச் செடியிலை இலையை எடுக்கிறதோ விடுறதோ எண்டு ஆக்கள் பேஜ் பேஜா ஆர்க்யூ பண்ணினம்."

"என்ன சொல்லினம்?"

"ஒரு சைட், இலையை எடுத்தால்தான் கீழை இருக்கிற பூவுக்கு லைட் படும், காத்துப் போகும் எண்டு. மற்ற சைட், இலைதான் செடிக்குச் சாப்பாடு, எடுத்தா ஸ்ட்ரெஸ் ஆகும், தொடாதை எண்டு. இன்னொராள் மஞ்சளானதை மட்டும் எடுக்கச் சொல்றார். எல்லாரும் ஒராளை ஒராள் திட்டினம்."

"பூவை எறியச் சொல்லி ஆராவது சொல்லினமோ?"

ஸ்ட்ராட்போர்ட் தாண்டும்வரை தேடினாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"இல்லை. ஒருத்தரும் இல்லை. அம்மா, இலையை எடுக்கிறவையும் எடுக்காதவையும் பூவுக்காகத்தான் சண்டை பிடிக்கினம். மாமா மட்டும்தான் பூவைக் குப்பைக்குள்ளை போட்டவர்."

எதிரில் இருந்த பெண் எங்களைப் பார்த்தாள். கஞ்சா என்ற சொல் அவளுக்கு விளங்கியதோ தெரியாது. நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இலையைக் கழிப்பதா விடுவதா என்று அந்த ஆட்கள் எவ்வளவு காலத்துக்கும் சண்டை பிடிக்கட்டும். செடியிடம் என்ன வேண்டும் என்று தெரிந்தவன்தான் அந்தச் சண்டைக்கே போகலாம். அண்ணைக்கு அது தெரியாது. மூலிகை என்று சொல்லி விட்டிருக்கிறார்கள், எங்கள் ஊரில் மூலிகை என்றால் முக்கால்வாசி இலைதான். தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டுப் படுத்திருக்காமல், இலை நன்றாகத் தடிக்கட்டும் என்று பூவை எல்லாம் முறித்து எறிந்துவிட்டு இலையைக் கட்டிக் காயப்போட்டிருக்கிறார். தேர்ந்த கஞ்சாக்காரன் என்று சொல்லிச் சிறையில் வைத்திருக்கிறார்கள்.

அபிரா வீடு வரும்வரை கதைத்துக்கொண்டே வந்தாள். இதைச் சொலிசிட்டருக்கு எப்படி எழுதுவது, எந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கேட்பது என்றெல்லாம் சொன்னாள். நான் ஓம், ஓம் என்றதோடு நிறுத்திக்கொண்டேன். இடையில் ஏதாவது சொல்லி அந்தப் பேச்சைக் குழப்பிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

6

சிறையில் அடுத்த சந்திப்பில் அண்ணையிடம் நேராகக் கேட்டேன்.

"அந்தப் பூவுகளை ஏன் முறிச்சனீங்கள்?"

நான் ஏதோ விசர்க் கேள்வி கேட்டதுபோலப் பார்த்தார். "பூக்க விட்டால் இலை என்னத்துக்கு ஆகும்? எல்லாத்தையும் மறந்துபோனியே?"

"அண்ணை, அதிலை பூதான் காசு. இலை குப்பை."

"சும்மா சொல்லாதை."

"மெய்யாத்தான்."

அண்ணை தலையில் கை வைத்தார். "ஒண்டும் விடேல்லைப் பிள்ளை. முழுக்க முறிச்சுப்போட்டன். ஒருத்தன் நம்பித் தந்த தோட்டத்தை நான் பாழாக்கிப்போட்டன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "நம்பித் தந்தவனோ? கதவைப் பூட்டிப்போட்டுப் போனவன்!"

"அது வேறை, பயிர் வேறை" என்றார்.

இதைத்தான் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும், இதைச் சொன்னால்தான் உங்களை நம்புவார்கள் என்று விளங்கப்படுத்தினேன். தலையை ஆட்டி மறுத்தார்.

"ஏலாது. நான் குற்றவாளி எண்டே சொல்லிப்போட்டுப் போறன். அவ்வளவு ஆக்களுக்கு முன்னாலை நிண்டு, பயிர் தெரியாமல் அழிச்சனான் எண்டு சொல்ல என்னாலை ஏலாது."

"கள்ளன் எண்டால் பறவாயில்லை, தோட்டம் தெரியாதவன் எண்டால் ரோசமோ?"

"ஓம்" என்றார். அவர் பகிடி விடவில்லை.

என் அண்ணையை எனக்குத் தெரியும். கெஞ்சினால் இன்னும் இறுகுவார். ஆகவே கெஞ்சவில்லை. "சரி, குற்றவாளி எண்டு சொல்லுங்கோ. உங்களைத் திருப்பி அனுப்புவாங்கள். அதுக்குப் பிறகு நான் ஆரை அண்ணை எண்டு கூப்பிடுறது? எனக்கு வேறை ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன். நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்தார். அண்ணை எழும்பிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

நீதிமன்றத்தில் அடுத்த தவணையில் குற்றவாளியா, இல்லையா என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கும் முன்னரே, "நொட் கில்ட்டி" என்று அண்ணை தன் வாயாலேயே சொன்னார்.

7

வழக்கு விசாரணைக்கு வந்தது. சாட்சி சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன். சகோதரியின் சொல்லுக்குப் பெறுமதி குறைவு, பார்வையாளர் பகுதியில் இருங்கள் என்றார்கள். அபிரா வகுப்புக்குப் போகாமல் வந்து என் பக்கத்தில் இருந்தாள். கணவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து பின்வரிசையில் இருந்தார்.

எங்கள் பாரிஸ்டர் பொலிஸ் நிபுணரிடம் கேட்டார், இந்தச் செடியில் விலைபோவது எது? பூ, என்றார் அவர். பூ எங்கே கிடந்தது? பைகளுக்குள் அழுகிக் கிடந்தது. பூவை எறிந்துவிட்டு இலையைக் கட்டித் தொங்கவிட்ட வளர்ப்பாளர் எவரையாவது உங்கள் வேலைக்காலத்தில் கண்டிருக்கிறீர்களா?

நிபுணர் கொஞ்சம் யோசித்தார். "இல்லை" என்றார்.

ஜூரிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். நீதிபதியும் குனிந்து எதையோ எழுதினார். கூண்டுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற அண்ணை மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அவரைக் காப்பாற்றுகிறது என்று எனக்குத் தெரியும். இருந்தும் எழும்பி நின்று எல்லாரையும் ஏச வேண்டும் போல இருந்தது.

பிறகு அண்ணையின் முறை. மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுப் பெண். அவரை அண்ணை ஒவ்வொரு பதிலுக்கும் அம்மா, அம்மா என்று கூப்பிட்டார். புகையிலையைச் சொன்னார், நுனி முறிப்பதைச் சொன்னார். "எனக்கு அந்தப் பயிர் தெரியாது. தெரியாமல் அழிச்சுப்போட்டன்" என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் காது சிவந்ததை நான் இருந்த இடத்திலிருந்தே கண்டேன்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மெதுவாக எழும்பினார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"பூவுக்குத்தான் மதிப்பு என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அதைக் கவனமாக வளர்த்துக் கொடுத்திருப்பீர்கள், அப்படித்தானே?"

ஓம் என்று சொன்னால் எல்லாம் போயிற்று. அண்ணைக்குப் பொய் வராது. எந்தப் பயிரையும் அவர் அரைகுறையாக வளர்த்ததும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் கேள்வியைச் சொல்லி முடிக்க, அண்ணை அவர் பக்கம் திரும்பினார்.

"பூவெண்டாலும் இலையெண்டாலும் எனக்கென்னம்மா" என்றார். "அந்தக் கதவு ஒருநாள் திறந்திருந்தால், நான் அப்பவே என்ரை தங்கச்சி வீட்டை போயிருப்பன்."

அது ஆங்கிலத்தில் வருவதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது. அபிரா என் கையைப் பிடித்தாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறு கேள்வி இல்லை என்று இருந்துவிட்டார்.

குற்றவாளி இல்லை என்றுதான் ஜூரிகள் சொன்னார்கள். அண்ணையின் அகதி வழக்கு இன்னும் இழுபடுகிறது. அதற்கும் நான் நிற்பேன்.

அன்று அவரை வெளியே விடப் பின்னேரமாகிவிட்டது. தன் உடுப்புகளை கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் பையில் தூக்கிக்கொண்டு வந்தவர், எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி நடைபாதையில் நின்றார். முகத்தைப் பார்த்ததும் என்ன கேட்க நினைக்கிறார் என்று விளங்கிவிட்டது.

"வீட்டை வரலாமோ எண்டு மட்டும் கேட்டீங்கள் எண்டால், இந்த ரோட்டிலேயே நிண்டு கத்துவன்" என்றேன்.

கேட்கவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் விறுவிறென்று நடக்கத் தொடங்கினார். ஸ்டேஷன் மற்றப் பக்கம். "மாமா, ராங் வே!" என்று கத்தப்போன அபிராவின் வாயைப் பொத்தினேன். நாங்கள் மூன்று பேரும் கொஞ்சத் தூரம் அவருக்குப் பின்னாலேயே நடந்தோம்.